அளவு கேட்காத துணி

சுந்தரபாண்டியத்தில் நெய்து மடித்து வைத்த ஒரு பருத்திச் சேலையைக் கையில் எடுத்து எத்தனை முறை புரட்டினாலும் ஒரு சீட்டு அதில் கிடைக்காது. எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று உடம்பின் அளவைச் சொல்லும் சீட்டு அது. ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் முன்பின்னாக அகலம், அவ்வளவுதான் அதன் கணக்கு. கல்லூரிக்குப் போகும் பேத்தியும் உடுத்தலாம், அவளுடைய அம்மாச்சியும் உடுத்தலாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் உடுத்தலாம், பெற்றபின் உடம்பு இளைத்தாலும் உடுத்தலாம். துணிக்கழிவைக் குறைக்க வழி தேடும் ஆய்வாளர்களுக்கு வேண்டிய விடைகளில் ஒன்று, விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சியின் தறிகளில் பல தலைமுறைகளாக நெய்யப்பட்டு வருகிறது.

இந்தச் சுற்றுவட்டாரமே துணியின் வரலாற்றைப் படித்துக்கொள்ள ஒரு திறந்த புத்தகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான பருத்தி ரகங்கள் ஊர்ப்பெயரின் சுருக்கத்தைத் தாங்கி எஸ்விபிஆர் என்ற பெயரோடு வயலுக்குப் போகின்றன. ராஜபாளையத்தில் 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பின் நூற்பாலைகள் பெருகின. சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. தளவாய்புரம் என்றால் நைட்டி. பஞ்சு, நூல், சேலை, கட்டுத்துணி, தைத்த உடை என்று எல்லாமே ஒரு நாள் பேருந்துப் பயணத்தில் பார்த்துவிடக்கூடிய தொலைவில் இருக்கின்றன.

இத்தனை இருந்தும், இங்குள்ள வீடுகளில் பீரோவைத் திறந்தால் மற்ற ஊர்களில் கேட்கும் அதே பேச்சுதான் கேட்கிறது. துணி வைக்க இடமில்லை. ஆனால் விசேஷத்துக்குக் கட்டிக்கொண்டு போக ஒன்றும் இல்லை.

பீரோ ஏன் பிதுங்குகிறது?

இந்தப் பேச்சை வெறும் மனக்குறையாகத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் பெரிய கணக்குகள் இருக்கின்றன. 2023-இல் உலகம் உற்பத்தி செய்த ஜவுளி நார் சுமார் 12.4 கோடி டன். அதில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 57 விழுக்காடு, பெட்ரோலியத்திலிருந்து பிறக்கும் பாலியெஸ்டர். பிரிட்டனைச் சேர்ந்த எல்லன் மக்கார்த்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கை இன்னொரு கணக்கைத் தந்தது: 2000-க்குப் பிந்தைய 15 ஆண்டுகளில் உலகின் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதே காலத்தில், ஓர் ஆடையைத் தூக்கிப்போடும் முன் அதை உடுத்தும் தடவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டன. பழைய ஆடையைக் கரைத்து, பிரித்து மீண்டும் ஆடையாக்குவது ஒரு விழுக்காடுகூட இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது.

துணி ஏன் தூக்கிப்போடப்படுகிறது? கிழிந்துவிடுவதால் என்பதுதான் சட்டென்று தோன்றும் பதில். நார்வேயில் கிர்சி லைத்தாலா, இங்குன் கிளெப் ஆகிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதை நேரடியாகப் பார்த்து வருகிறார்கள். வீடுகளுக்குப் போய், கழித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது ஏன் கழிக்கப்பட்டது என்று கேட்டுப் பதிவு செய்வது அவர்கள் முறை. பல நாடுகளில் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மூன்று காரணங்கள் ஏறக்குறைய சமமாக நின்றன. நைந்தது, கிழிந்தது, சாயம் போனது என்பது ஒன்று. உடம்புக்கு அளவு பொருந்தவில்லை என்பது இரண்டு. பிடிக்கவில்லை, அலுத்துவிட்டது, உடுத்த வாய்ப்பே வரவில்லை என்பது மூன்று.

அதாவது, கழிக்கப்படும் துணிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு இன்னும் உழைக்கக்கூடிய நிலையிலேயே கழிக்கப்படுகின்றன. நல்ல நூல், நல்ல நெசவு, நல்ல சாயம் எல்லாம் சேர்ந்து தீர்ப்பது முதல் காரணத்தை மட்டுமே. மற்ற இரண்டுக்கும் மருந்து ஆலையில் இல்லை. உடுத்துகிறவர் தன் உடம்பையும், தன் வேலையையும், தன் விருப்பத்தையும் எவ்வளவு தெளிவாக அறிந்திருக்கிறார் என்பதில் இருக்கிறது. ஒருவருக்கென்று அமையும் உடைப்பாணியை, பேச்சுவழக்கில் ஸ்டைல் என்கிறோமே அதை, அழகுப் பக்கத்திலிருந்து சூழலியல் பக்கத்துக்கு மாற்றிவைக்க வேண்டிய காரணம் இதுதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் நீர் செலவாகிறது என்பது நெதர்லாந்து நீரியல் அறிஞர் ஆர்ஜென் ஹூக்ஸ்ட்ராவும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டது. வயலில் பெய்யும் மழைநீரும் இதில் அடக்கம். அரைக் கிலோ எடையுள்ள சேலை என்றால் 5,000 லிட்டர். ஐந்து முறை கட்டிவிட்டு அடியில் தள்ளிவிட்டால் ஒரு தடவைக்கு 1,000 லிட்டர். நூறு முறை கட்டினால் ஒரு தடவைக்கு 50 லிட்டர். துணி ஒன்றுதான், தறி ஒன்றுதான். கட்டுகிறவரின் பழக்கம் இருபது மடங்கு வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

வெட்டாத துணியின் கணிதம்

தைத்த ஆடையில் இரண்டு இடத்தில் இழப்பு உண்டு. முதலாவது, வெட்டும் மேசையில். சட்டையின் கை, கழுத்து, உடல் எல்லாம் வளைந்த வடிவங்கள். நெய்த துணியோ நீள்சதுரம். வளைவுகளை நீள்சதுரத்தில் எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் இடுக்குகளில் துண்டு விழும். ஆயத்த ஆடைத் தொழிலில் இப்படி விழும் வெட்டுத்துணி ஏறக்குறைய 15 விழுக்காடு என்று மதிப்பிடுகிறார்கள். சேலைக்கும் வேட்டிக்கும் துண்டுக்கும் இந்த இழப்பு கிடையாது. தறியிலிருந்து அறுத்தெடுக்கும்போதே அது முழு உடை.

இரண்டாவது இழப்பு உடம்பு மாறும்போது வருகிறது. தைத்த ஆடை, தைத்த நாளின் உடம்பை நினைவில் வைத்திருக்கிறது. நாலைந்து கிலோ கூடினாலோ குறைந்தாலோ அது பகையாகிவிடும். சேலையில் அளவைத் தீர்மானிப்பது மடிப்பு. இடுப்பு பெருத்தால் கொசுவத்தில் ஒரு மடிப்பு குறையும், சிறுத்தால் ஒரு மடிப்பு கூடும். லைத்தாலாவின் பட்டியலில் உள்ள இரண்டாம் காரணமே இங்கே இல்லாமல் போகிறது. ரவிக்கை ஒன்றுதான் சிக்கல். அதற்கும் ஊர்த் தையல்காரர்களிடம் பழைய விடை இருக்கிறது: பக்கத் தையலுக்குள் ஒரு விரற்கடைத் துணியை விட்டுவைப்பது. பிரித்துத் தைத்தால் அது இன்னும் சில ஆண்டுகள் வரும்.

ஆனால் சேலைதான் எல்லோருக்கும் என்று சொல்வதும் அறிவியலுக்கு ஒத்துவராது. நூற்பாலையில் சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்குத் தொங்கும் முந்தானை ஆபத்து. இருசக்கர வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்திலும் அப்படித்தான். அவர்களுக்கு உடம்போடு நிற்கும் தைத்த ஆடையே சரி. தளவாய்புரத்தின் நைட்டி வீடுவீடாகப் பரவியதற்கும் இப்படி ஒரு நியாயம் உண்டு. அடுப்படி வெக்கையில் நிற்க, குனிந்து நிமிர்ந்து வேலை பார்க்க, ஒரே இழுப்பில் மாட்டிக்கொள்ள அது வசதி. விளம்பரமோ சினிமாவோ சொல்லி வந்த பாணி அன்று. தேவை அறிந்து பெண்கள் தாங்களே தேர்ந்துகொண்டது. உடைப்பாணி என்பதன் முதல் இலக்கணம் அந்தத் தேர்வில் இருக்கிறது: எங்கே வாழ்கிறோம், என்ன வேலை செய்கிறோம் என்பதிலிருந்து உடை தொடங்க வேண்டும்.

வெயிலுக்குத் தெரிந்த நார்

எங்கே வாழ்கிறோம் என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் பதில் ஒரு சொல்தான்: வெயில். மலையடிவாரம் என்றாலும் கோடையில் காற்று சுடும். இங்கே உடை செய்ய வேண்டிய முதல் வேலை வியர்வையைக் கையாள்வது.

பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். பருத்தி விதையின் மேல்தோலில் உள்ள செல் ஒன்று முடிபோல நீண்டு, மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு வளர்கிறது. காய் வெடித்துக் காய்ந்ததும் உள்ளிருக்கும் குழல் அமுங்கி, இழை முறுக்கிய நாடாபோல ஆகிவிடுகிறது. இந்த முறுக்குதான் நூற்கும்போது இழைகளை ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ள வைக்கிறது. இழையின் பெரும்பகுதி செல்லுலோஸ். அந்த மூலக்கூறு முழுக்க நீரை இழுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அதனால் சாதாரண ஈரப்பதத்தில் வைத்தாலே 100 கிராம் பருத்தி ஏழெட்டு கிராம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். அதே சூழலில் பாலியெஸ்டர் அரைக் கிராம்கூட ஏற்பதில்லை.

தோலிலிருந்து ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வியர்வையை வாங்கிப் பரப்பி, காற்றுக்கு விட்டுக்கொடுக்கும் துணி உடம்புக்குக் குளிர்ச்சி. நெருக்கமில்லாத கைத்தறி நெசவில் இழைகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் இருப்பதால் இந்த வேலை இன்னும் எளிதாகிறது.

வாடையின் கணக்கு வேறு. 2014-இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரைக் கடுமையான சைக்கிள் பயிற்சி செய்ய வைத்து, அவர்களுடைய சட்டைகளை ஒரு நாள் அப்படியே வைத்திருந்து சோதித்தார்கள். பாலியெஸ்டர் சட்டைகள் பருத்திச் சட்டைகளைவிட மோசமாக நாறின. வாடை எழுப்பும் மைக்ரோகாக்கஸ் நுண்ணுயிர்கள் பாலியெஸ்டரில் செழித்து வளர்ந்ததே காரணம். வாடை வந்தால் துவைக்க வேண்டும். துவைக்கத் துவைக்கத் துணி நையும், நீர் செலவாகும், செயற்கை இழையானால் நுண்துகளும் உதிரும். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016-இல் நடந்த ஆய்வின் கணக்குப்படி, ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைத்துகள்கள் வெளியேறலாம். பாலியெஸ்டருக்கு அது ஏறக்குறைய ஐந்து லட்சம்.

துவைப்பதிலும் நாருக்கு நார் குணம் மாறும். பருத்தி நனைந்தால் வலுக்கூடும்; காய்ந்த நிலையைவிடப் பத்து முதல் இருபது விழுக்காடு வரை கூடுதல் இழுவையைத் தாங்கும். ரேயானும் செல்லுலோஸ்தான். ஆனால் கரைத்து மறுபடி இழுத்து எடுத்ததால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் குட்டையாகிவிட்டவை. நனைந்ததும் அது பாதி வலுவை இழந்துவிடும். துவைகல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டில் ரேயான் குர்த்தி சீக்கிரம் பல்லிளிப்பதும், பருத்திச் சேலை ஆண்டுக்கணக்கில் நிற்பதும் இதனால்தான்.

கடையில் காட்டும் துணி உண்மையில் என்ன என்று சந்தேகம் வந்தால் ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஓரத்தில் ஓர் இழையை உருவி, பாதுகாப்பான இடத்தில் கொளுத்திப் பார்க்க வேண்டும். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும்.

நூலின் நம்பரும் கஞ்சியின் வேலையும்

கைத்தறிச் சேலை வாங்கும்போது 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர், 100-ஆம் நம்பர் என்ற பேச்சு காதில் விழும். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை இருக்கிறதோ அதுதான் நம்பர். 80-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 80 சிட்டம், மொத்தம் 67,200 கஜம். ஒரு கிராம் நூலை நீட்டினால் 135 மீட்டர் வரும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும், சேலை இலேசாகும். மெல்லிய நூலுக்கு நீண்ட இழைப் பஞ்சு வேண்டும். கோயம்புத்தூரில் 1974-இல் உருவான சுவின் என்ற ரகம் அதற்காகவே பேர்பெற்றது. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு ரகங்களின் கலப்பு அது, பெயரும் அவ்விரண்டின் கலப்பு. கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணிப் பருத்தியோ குட்டை இழை. அதில் தடித்த நூல் நூற்கலாம், துணி முரட்டு உழைப்புக்கு வரும்.

நம்பர் கூடினால் தரம் கூடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தினமும் பேருந்தில் போய்வந்து, நாள் முழுக்க நின்று பாடம் நடத்தும் ஆசிரியைக்கு நடுத்தர நம்பரில் நெய்த கெட்டிச் சேலை பல ஆண்டு வரும். மெல்லிய சேலை அவருக்குக் கல்யாண வீட்டுக்கு. இந்த வேறுபாட்டைத் தெரிந்து வாங்குவதும் உடைப்பாணியில் சேர்த்திதான்.

சேலையின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், தறியில் ஏறும் முன் கஞ்சி குடிக்கிறது. தெருவில் நீளமாகப் பாவை விரித்து, கஞ்சி பூசி, வெயில் ஏறும் முன் ஆற்றி எடுப்பது நெசவூர்களின் காலைக் காட்சி. கஞ்சியில் உள்ள மாவுச்சத்து, நூலைச் சுற்றிப் படலமாகப் படிந்து, பிசிறுகளை அமுக்கிவிடுகிறது. தறியில் அச்சும் விழுதும் பாவு நூலை ஓயாமல் உரசுகின்றன. அந்த உரசலில் அறுந்துபோகாமல் நூலைக் காப்பது இந்தப் படலம். புதுச் சேலையின் மொடமொடப்புக்குக் காரணமும் அதுவே. நாலைந்து முறை துவைத்தபின் கஞ்சி கரைந்து, நூலின் இறுக்கம் தளர்ந்து, சேலை உடம்போடு படியத் தொடங்கும். கடையில் தொட்டுப் பார்த்து முரடாக இருக்கிறது என்று ஒதுக்குகிறவர்கள், அந்தச் சேலை தன் உண்மையான குணத்தைக் காட்டும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

பாவுக்குக் குறுக்கே ஊடை போகிறது. அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை மீட்டர் சேலைக்கு, ஊடை நூலைச் சுமக்கும் நாடா இப்படியும் அப்படியுமாகச் சுமார் 13,000 முறை ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு கையிழுப்பு, ஒரு கால்மிதி.

சூடிப் பார்த்தவளும் சட்டை கழற்றியவரும்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் கண்ணாடிக் கிணறு என்று ஒரு கிணறு உண்டு. பெருமாளுக்குத் தொடுத்த மாலையை ஆண்டாள் தான் சூடி, அந்தக் கிணற்று நீரில் தன்னைப் பார்த்துக்கொண்டாள் என்பது ஊர் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அணிந்து பார்த்து, தனக்கு இசைகிறதா என்று கண்டறிவதை இந்த மண் பக்தியின் ஓர் அடையாளமாகவே போற்றி வந்திருக்கிறது.

உடையை ஆராய்ந்து தேர்ந்துகொண்டதற்கு இந்தியாவின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு இங்கிருந்து கொஞ்சத் தொலைவில், மதுரையில் நடந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி, தொப்பியையும் மேல்சட்டையையும் விட்டுவிட்டு முழங்காலளவு வேட்டியோடு வெளியே வந்தார். அன்னியத் துணியை விட்டுவிடுங்கள் என்று சொன்னபோது, கதர் வாங்கக் காசில்லையே என்று ஏழைகள் சொன்ன பதில்தான் அவரை உறுத்தியது. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று அந்த முடிவுக்குள் இருக்கிறது: முதலில் அவர் அதற்குக் கெடு வைத்திருந்தார். அக்டோபர் 31 வரை இப்படி உடுத்துவதாகத்தான் அறிவித்தார். ஐந்தாறு வாரச் சோதனை. அந்தச் சோதனை வாழ்நாள் முழுக்க நீடித்தது. 1931-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் அதே உடையில்தான் போனார்.

விருதுநகர் மாவட்டத்துத் தலைவர்களும் தங்களுக்கென்று ஓர் உடையைக் கண்டுகொண்டு அதில் நின்றார்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜபாளையத்துப் பி.எஸ். குமாரசாமி ராஜா கதரை விடவில்லை. விருதுநகரில் பிறந்து, 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போன காமராசரின் வெள்ளைக் கதர் வேட்டியும் தொளதொளத்த அரைக்கைச் சட்டையும், தூரத்திலிருந்து பார்த்தாலே அவர்தான் என்று சொல்லிவிடும். முதலமைச்சர் ஆனபோதும் அது மாறவில்லை. ஒரே மாதிரி உடை என்பதால் அவருடைய தனித்தன்மை குறைந்துபோனதாக யாரும் சொன்னதில்லை.

எல்லோரும் ஒரே நிறத்துக்கு வர வேண்டும் என்பதில்லை. பெங்களூரில் 2015-இல் அஞ்சு மௌத்கல் கதம், ஆலி மத்தன் என்ற இரு தோழியர், அந்த ஆண்டில் நூறு நாள் சேலை உடுத்துவது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பீரோவில் தூங்கும் சேலைகளை வெளியே எடுப்பதும், ஒவ்வொன்றின் கதையைச் சொல்வதும் அதன் நோக்கம். ஆயிரக்கணக்கான பெண்கள் அதைப் பின்பற்றினார்கள். புதிதாக வாங்கத் தூண்டாமல், இருப்பதை உடுத்தத் தூண்டியதுதான் அந்த முயற்சியின் சிறப்பு.

முப்பது நாள் சோதனை

காந்தியின் கெடுவைப் போல ஒரு கெடு வைத்துக்கொண்டு எந்த வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். எதை அதிகம் உடுத்துகிறோம் என்று நினைவிலிருந்து சொன்னால் தவறாகவே சொல்வோம். விசேஷத்துக்குக் கட்டியது நினைவில் நிற்கும், தினமும் கட்டியது மறந்துபோகும். ஆகவே பதிவு வேண்டும். பீரோவில் கொக்கியில் தொங்கும் துணிகளை எல்லாம் ஒரே பக்கம் பார்க்க மாட்டிவிட்டு, உடுத்தித் துவைத்ததை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பி மாட்டலாம். அடுக்கி வைக்கிறவர்கள், துவைத்து வந்ததை வலப்பக்க அடுக்கில் மட்டும் வைக்கலாம். காலண்டர்த் தாளில் அன்றன்றைய உடையை ஒரு சொல்லில் குறித்தாலும் போதும்.

முப்பது நாள் கழித்து, திரும்பிய துணிகளை மட்டும் கட்டிலில் பரப்பிப் பார்க்க வேண்டும். அவற்றுக்குள் ஓர் ஒற்றுமை தெரியும். நிறத்தில் இருக்கலாம், கரையின் அகலத்தில் இருக்கலாம், கழுத்தின் வெட்டில், துணியின் கனத்தில் இருக்கலாம். அந்த ஒற்றுமையே அவருடைய பாணி. பத்திரிகையோ தோழியோ சொல்லித் தெரிவதைவிட இது உறுதியானது, ஏனென்றால் அவரே தன் கையால் முப்பது நாள் தேர்ந்தெடுத்தவை அவை. திரும்பாத துணிகளையும் காரணம் கேட்டுப் பிரிக்கலாம். அளவு போனவை தையல்காரரிடம் போகட்டும். நிறம் ஒத்துவராதவை ஒத்துவருகிறவருக்குப் போகட்டும். தள்ளுபடிக்காக மட்டும் வாங்கியவை எத்தனை என்ற எண்ணிக்கையை எழுதி, பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தால், அடுத்த ஆடித் தள்ளுபடியில் அது உதவும்.

பாணி தெரிந்தபின் பராமரிப்புக்கு மனம் தானாக வரும். சாயத்தைக் காப்பது எளிது. 1956-இல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பு கொள்வதால் துவைப்புக்கு நின்று பிடிக்கும். ஆனால் பிணையாமல் மேலே ஒட்டியிருக்கும் சாயம் முதல் சில துவைப்பில் வெளியேறும், ஆகவே புதுச் சேலையைத் தனியாக அலச வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர், நிறம் தரும் பிணைப்புகளை உடைத்துவிடும், ஆகவே நிழலில், உட்புறம் வெளியே தெரிய உலர்த்த வேண்டும். பிரிட்டனின் ராப் அமைப்பு, ஓர் ஆடையை இன்னும் ஒன்பது மாதம் கூடுதலாக உடுத்தினால் அதன் கார்பன், நீர், கழிவுச் சுமை இருபது முதல் முப்பது விழுக்காடு வரை குறையும் என்று கணக்கிட்டது. கிழிசலுக்கு ஒரு தையல், பிரிந்த ஓரத்துக்கு ஒரு ஃபால்ஸ், இவற்றால் அந்த ஒன்பது மாதம் கிடைத்துவிடும்.

கடைசியில் பருத்திச் சேலை நையத்தான் செய்யும். அப்போதும் அதற்கு வேலை இருக்கிறது. பலமுறை துவைத்து மெத்தென்றான பழஞ்சேலையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போடுவதும், பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணி சுற்றுவதும் இங்குள்ள வீடுகளின் வழக்கம். பிறகு அடுப்படிக் கைத்துணி, அதன் பிறகு விளக்குத் திரி. இழைகளின் இடுக்கு வழியே எண்ணெய் தானாக மேலேறுவதால் பருத்தி திரியாகிறது. பாலியெஸ்டர் இதில் எதற்கும் உதவாது.

பருத்திக்கும் குறைகள் உண்டு. நீர் குடிக்கும், பூச்சிமருந்து கேட்கும். கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம் என்றாலும், நூற்பிலும் சாயத்திலும்தான் ஆற்றலும் நீரும் அதிகம் செலவாகின்றன. ஆகவே கைத்தறி என்ற பெயரில் ஐம்பது சேலை வாங்கி அடுக்குவதும் வீண்தான். குறைவாக வாங்கினால் நெசவாளர் பிழைப்பு என்னவாகும் என்ற கேள்வி நியாயமானது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் 35.22 லட்சம் பேர் இருக்கிறார்கள். பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். அவர்களைக் காப்பதற்குக் கூடுதல் பணம்கூட வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஆறு மலிவு உடை வாங்கும் அதே பணத்தில் இரண்டு நல்ல கைத்தறி வாங்கினால், துணியின் எண்ணிக்கை குறையும், நெசவாளர் கைக்குப் போகும் பங்கு கூடும்.

வரும் தீபாவளிக்கு ஜவுளிக்கடைக்குக் கிளம்பும் முன் ஒரு மாதம் பீரோவைக் கவனியுங்கள். எதை உடுத்துகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். அதன் பின்னும் புதுத்துணி தேவை என்று பட்டால், 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ சுந்தரபாண்டியம் சேலை இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நூல் என்ன நம்பர் என்றும் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த நிறத்தில், உங்கள் வேலைக்கு ஏற்ற கனத்தில் ஒன்றே ஒன்று எடுங்கள். எடுத்ததை நூறு முறை உடுத்துங்கள்.